நகர் காண் நடையும் லங்கர்ப் பந்தியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லிக்கு வந்து சேரும் உறவினர்க்கு நகரைச் சுற்றிக் காட்டும் கடமையினின்று தப்பியவர் நம்முள் எவரும் இலர். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா வாயில், ராஜ்காட், முடிவில் கரோல் பாகில் துணிக்கடை என அவ்வரிசையும் வீட்டுக்கு வீடு பெரிதும் வேறுபடுவதில்லை. அண்மைக் காலத்தில் இவ்வரிசைக்குப் புறம்பானதொரு சுற்றுலா பரவி வருகின்றது. கோட்டைகளையும் கல்லறைகளையும் விடுத்து, தெருவில் உழைப்போர் வாழ்வைக் காட்டி, பின்னர் ஒரு குருத்வாராவின் சமையற்கூடத்தில் சிறிது நேரம் தொண்டு செய்வித்து, பந்தியில் அமர்த்தி உணவூட்டி அனுப்பும் சுற்றுலா அது. சமூகப் பொறுப்புடைய சுற்றுலா என்று அதற்குப் பெயர் வழங்குகின்றனர். நம் சங்கத்து இளைஞர்களும் அத்தகைய நடை ஒன்றனை நடத்தலாமா என்று செயற்குழுவினர் எண்ணி வருகின்றமையால், அது பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தனர்.

முதற்கண் அதற்குக் கூறப்படும் தடையையே எடுத்துக்கொள்கின்றேன். பிறர் வறுமையை வேடிக்கை பார்ப்பது முறையாகுமா என்பதே அத்தடை. இது புதிய வினா அன்று. 1880-களில் இலண்டன் மாநகரச் செல்வர்கள் அந்நகரின் கிழக்குப் பகுதிச் சேரிகளுக்கு மாலைப்பொழுது போக்கச் சென்று வந்தனர். அவ்வழக்கத்திற்கென ஆங்கிலத்தில் தனிச்சொல்லே உண்டாயிற்று. நமக்கு அணித்தான சான்று மும்பைத் தாராவி. திருநெல்வேலிச் சீமையினின்றும் தலைமுறைகளுக்கு முன் சென்று, தோல் பதனிடும் தொழிலிலும் பிறவற்றிலும் ஈடுபட்ட நம் மக்களின் வழியினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். ரியாலிட்டி டூர்ஸ் என்னும் நிறுவனம் 2005-ஆம் ஆண்டளவில் அங்குச் சுற்றுலாவைத் தொடங்கியது. படம் எடுக்கலாகாது என்று அது விதித்தது. ஆதாயத்தில் 80 விழுக்காட்டை மக்கள் பணிக்குச் செலவிடுவதாகவும் அறிவித்தது. இவை பாராட்டற்குரிய விதிகளே. ஆயினும் தன் வீட்டு வாயிலில் அமர்ந்து அரிசி புடைக்கும் தமிழ்த்தாய் ஒருத்தி, குறுஞ்சந்தில் ஒருவர் பின் ஒருவராய் வந்து தன்னைக் கடந்து செல்லும் அயல்நாட்டாரை எந்நோக்கில் நோக்கியிருப்பாள்? தில்லித் தெருவில் நாம் பார்ப்பவராய் நடக்குமுன், தாராவிச் சந்தில் நம்மவர் பார்க்கப்படுபவராய் இருக்கின்றனர் என்பதை உளங்கொள்ளுதல் நலம்.

இத்தடைக்கு ஒருவாறு விடை கண்டவர் இந்நகரிலேயே உளர். மீரா நாயரின் 'சலாம் பாம்பே' திரைப்படம் வெளிவந்ததையொட்டி, 1988-இல் சலாம் பாலக் அறக்கட்டளை தெருக் குழந்தைகளுக்கென நிறுவப்பெற்றது. புது தில்லி இரயில் நிலையத்தையும் பஹாட்கஞ்சையும் சூழ்ந்த பகுதியில் அது நடத்திவரும் நகர நடையை வழிநடத்துவோர், முன்னர்த் தாமே தெருவில் வாழ்ந்து அறக்கட்டளையின் இல்லத்தில் வளர்ந்த இளைஞர்கள். ஓடிவந்த சிறுவன் இரயிலடியில் எங்ஙனம் உறங்குவான், காலிப் புட்டிகளைப் பொறுக்கிச் சேர்த்த காசை எங்கே மறைப்பான் என்பனவற்றை அவர்களே சொல்லக் கேட்கும்போது, கேட்பவர் மாணவராகிவிடுகின்றார். தன் கதையை எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதும் சொல்பவர் விருப்பிலேயே உள்ளது. நம் நடைக்கும் இதனையே முதல் விதியாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்: தெருவைப் பற்றித் தெருவில் உழைப்பவரே பேசட்டும், அவர் இழக்கும் நேரத்திற்குக் கூலி கொடுப்போம்.

இனி, எவ்வழியே நடப்பது? சாந்தினி சௌக்கை நான் தேர்வேன். ஷாஜஹானின் மகள் ஜஹனாரா 1650-ஆம் ஆண்டளவில் அமைப்பித்த கடைத்தெரு அது. நடுவே ஓடிய கால்வாயில் நிலவொளி வீழ்ந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். மேற்குக் கோடியில் ஃபதேபுரி மசூதிக்கு அப்பாலுள்ள காரி பாவலியில் காலையிலேயே தொடங்கவேண்டும். மிளகாய் மூட்டைகள் குவிந்த கதோடியாச் சந்தையின் படிகளில் ஏறுவோர் இருமாமல் திரும்பியதில்லை. நாம் கால் நாழிகை இருமிவிட்டு வந்துவிடுகின்றோம். பல்லேதார் எனப்படும் சுமைதூக்குவோர் அக்காற்றையே நாள் முழுதும் மூச்சாகக் கொண்டு, முதுகு வளைய மூட்டை சுமக்கின்றனர். பீகாரினின்றும் உத்தரப் பிரதேசத்தினின்றும் வந்து மிதிவண்டி ரிக்ஷா ஓட்டுவோர், காது குடைந்து தூய்மை செய்வோர், தள்ளுவண்டிக்காரர் எனப் பலர் அத்தெருவையே நம்பி வாழ்கின்றனர். நடைபாதை வணிகர்தம் பிழைப்பைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2021-இல் சாந்தினி சௌக் புதுக்கியமைக்கப்பட்டு, பகற்பொழுதில் மோட்டார் வண்டிகள் விலக்கப்பட்டன. இவ்விரண்டாலும் தமக்கு விளைந்தது யாது என்று அவர்களையே கேட்கலாம். ஒரே விடை வருமென்று எதிர்பார்க்க வேண்டா.

அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தால் சீஸ் கஞ்ச் குருத்வாரா. அதனைச் சூழச் சில எட்டுத் தொலைவிற்குள் சுனஹரி மசூதி, பாப்டிஸ்ட் தேவாலயம், கௌரி சங்கர் ஆலயம், சமணர்தம் லால் மந்திர் ஆகியவை நிற்கின்றன. லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கு மருத்துவமனையும் உண்டு. ஊனுண்ணும் பறவைகளுக்கு அங்கே புறநோயாளர் பிரிவில் மட்டுமே இடம் என்பது கேட்போர்க்கு நகை தருவது. ஆனால் சீஸ் கஞ்சில் நகைப்பதற்கு ஏதுமில்லை. ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர் 1675-ஆம் ஆண்டு நவம்பரில், ஔரங்கசீப்பின் ஆட்சியில், தலை கொய்யப்பட்ட இடம் அது. காஷ்மீரத்துப் பண்டிதர்தம் சமய உரிமைக்காகக் குரு பரிந்து நின்றார் என்பது சீக்கிய மரபு. பிறர் சமயத்திற்காக ஒருவர் உயிர் நீத்த இடமென்று அம்மக்கள் போற்றும் அந்நிலத்தில், எச்சமயத்தார்க்கும் நாள்தோறும் உணவு இடப்படுகின்றது.

லங்கர் என்னும் இம்முறை குரு நானக்கால் (1469–1539) தோற்றுவிக்கப்பெற்றது. இரண்டாம் குரு அங்கதரின் துணைவியார் மாதா கீவி அதனை வளர்த்தார். அவர் பெயரும் அவர் இட்ட நெய் கலந்த பாயசமும் குரு கிரந்த சாஹிபிலேயே குறிக்கப்பட்டுள்ளன. தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்டபின்னரே காணலாம் என்று மூன்றாம் குரு அமர்தாஸ் விதித்தார். அக்பர் பாதுஷாவும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்று வழிவழியாகச் சொல்கின்றனர். பந்தியை அவர்கள் பங்கத் என்கின்றனர். நம் பந்திக்கும் அவர்தம் பங்கத்துக்கும் மூலச்சொல் ஒன்றே. சொல் ஒன்றாயினும் வழக்கம் ஒன்றாய் இருந்ததில்லை. 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி இட்டமை பற்றித் தமிழகம் இரண்டுபட்டதை இங்குள்ள முதியோர் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பர்.

அதே காலத்தில் லங்கர் ஒன்று தென்கோடிக்கே வந்த செய்தி நம்மிற் பலர் அறியாதது. 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. ஈ. வே. ரா. சிறைப்பட்டதும் அப்போராட்டத்திலேயே. பஞ்சாபினின்றும் அகாலித் தொண்டர்கள் அத்துணைத் தொலைவு கடந்து வந்து, போராடுவோர்க்கு அங்கே லங்கர் திறந்தனர். காந்தியடிகள் அதற்கு உடன்படவில்லை. உள்ளூரார் தம் ஆற்றலாலேயே போராட்டம் நடைபெற வேண்டும். வெளியார் இடும் இலவச உணவு தொண்டர்தம் தன்மதிப்புக்குப் பொருந்தாது என்பது அவர் கொள்கை. லங்கரும் மூடப்பட்டது. அடிகளின் அச்சம் அன்னசத்திரத்திற்குப் பொருந்தும். லங்கருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. சத்திரத்தில் இடுபவர் வேறு, ஏற்பவர் வேறு. லங்கரிலோ சற்றுமுன் உண்டவர் எழுந்து தட்டுக் கழுவுகின்றார். தட்டுக் கழுவியவர் போய்ப் பந்தியில் அமர்கின்றார். மூட்டை மாவு கொடுத்த வணிகர் வாயிலில் அமர்ந்து, வருவோர்தம் காலணிகளைத் துடைத்து வைக்கின்றார். பெயரோ குலமோ எவரும் கேட்பதில்லை. காரி பாவலியில் நாம் கண்ட அதே பல்லேதார் நம் பக்கத்தில் அமர்ந்து, நமக்கு இட்ட பருப்பையே உண்ணக்கூடும். தெருவிற் பார்க்கும் நடை பந்தியில் முடிதல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதன் பொருட்டே.

இங்கு மற்றொன்றும் சொல்லாது விடலாகாது. இத்தகைய மக்கள்மீது 1984-ஆம் ஆண்டு நவம்பரில் இதே நகரத் தெருக்களில் நடந்த கொடுமையில், அரசின் கணக்கின்படியே தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டனர். சுற்றுலா வழிகாட்டிகள் பெரும்பாலும் இதனைத் தவிர்த்து, சப்பாத்தி இடும் எந்திரத்தைக் காட்டி மகிழ்விக்கின்றனர். அவ்வழியைப் பின்பற்றாதீர். 2020-இன் ஊரடங்கில் தில்லி குருத்வாராக்கள் பெருந்திரளான மக்களுக்கு உணவு சமைத்து அனுப்பியதையும், 2021-இல் காஸியாபாத் இந்திராபுரத்துக் குருத்வாரா வாயிலிலே மூச்சுத் திணறியோர்க்குப் பிராணவாயு லங்கர் நடந்ததையும் சொல்லும்போது, அந்த 1984-ஐயும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தொண்டு என்று நாம் செய்யப்போவது பற்றியும் மிகைபட எண்ணவேண்டா. நாம் போகாவிடினும் அவ்வடுப்பு எரியும். பூண்டு உரிக்கவும், மாவு உருட்டவும், சப்பாத்தி தேய்க்கவும் அங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை. நம் இளைஞர்தம் முதற் சப்பாத்திகள் இலங்கைத் தீவின் வடிவில் அமையுமென்பதிலும் ஐயமில்லை. பக்கத்திலிருக்கும் பாட்டியார் அவற்றைச் சிரித்துக்கொண்டே வட்டமாக்குவார். கற்றுக்கொள்ளச் செல்கின்றோம் என்று சொன்னால் உண்மைக்கு அணுக்கமாயிருக்கும். சில நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு, காசின்றிக் கிடைக்கும் பந்தியையும் பயண நிரலிற் சேர்த்து விற்கின்றன. வழிகாட்டிக்குக் கூலி வாங்குவது நேரிது. லங்கருக்கு விலை வைப்பது எவ்வாற்றானும் நேரிதன்று. நம் நடையில் அவ்வாறு ஒரு காசும் தண்டலாகாது. விருப்பமுடையோர் ஒரு மூட்டைக் கோதுமை மாவைக் கொண்டுசெல்லட்டும்.

செல்வோர் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. தலையை மூடுதல் ஆடவர் பெண்டிர் இருபாலர்க்கும் கட்டாயம், கைக்குட்டை போதும். காலணியை ஒப்படைத்துக் கால் கழுவி நுழைய வேண்டும். புகையிலைப் பொருள் எதுவும் பையில் இருத்தல் கூடாது. சப்பாத்தியை இரு கைகளையும் ஏந்தி வாங்குவதே முறை. கேட்டு வாங்கியதை மிச்சம் வைத்தல் பெரும்பிழை. உண்போரைப் படம் எடுக்கலாகாது. எடுத்தே தீரவேண்டும் என்போர் தம் சப்பாத்தியை எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் குருபூரப் நாட்களிலும் கூட்டம் மிகும். ஆதலின் வேலைநாளின் நண்பகலையே தேர்ந்தெடுங்கள். பன்னிருவர்க்கு மேற்பட்ட குழு வேண்டா. தெருவை அடைத்துக்கொண்டு நிற்போம்.

முதல் நடைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் விழா முடிந்ததும் செயலரைக் காண்க. முதியோரும் வரலாம், தரையில் அமர இயலாதார் அங்குள்ள தொண்டரிடம் சொன்னால் ஆவன செய்வர்.