மனச்சாந்தி எந்த மூலையில் இருக்கிறது?



வீட்டில் சாந்தியில்லை என்றதும் நம்மவர்கள் முதலில் தேடுவது வாஸ்துக்காரரைத்தான். அவர் வந்து, ஈசானிய மூலையில் குற்றம், சுவரை இடி என்கிறார். கடன் வாங்கி இடிக்கிறோம். கடன்தான் மிச்சம்; சாந்தி வந்தபாடில்லை.

வீட்டின் அமைப்பு மனதைப் பாதிப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை. பாதிக்கிறது; ஆனால் திசைத் தேவதைகளால் அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ஆராய்ந்து, ராஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அங்கே எந்தப் புரோகிதர் ஹோமம் வளர்த்தார்?

இனி நம் வீடுகளைப் பாருங்கள். காற்று வரும் திண்ணை ஆணுக்கு; ஜன்னலில்லாத அடுப்பங்கரை பெண்ணுக்கு. அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்க்கிற வாஸ்துக்காரர், புகை போக வழியிருக்கிறதா என்று பார்த்தாரா? வீட்டுக்குள் எழும் அடுப்பு, விளக்குப் புகையால் 2020-ம் வருஷத்தில் மாத்திரம் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிடுகிறது. விறகுப் புகையில் நாளெல்லாம் வேகிறவளுக்குப் பொறுமையை உபதேசிப்பது யோக்கியமா?

ஆகவே, வாஸ்துவுக்குக் கொட்டும் பணத்தில் அடுப்பங்கரைக்கு ஒரு ஜன்னல் வையுங்கள். வீட்டு வேலையில் பாதியை ஆண்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெண்களும் சற்றுத் திண்ணையில் காற்றாட உட்காரட்டும். வீட்டில் ஒருத்தி புழுங்கிக்கொண்டிருக்கும்போது மற்றவர்களுக்கு மட்டும் மனச்சாந்தி எங்கிருந்து வரும்?