சபுராளியின் கடிதமும் நம் கைப்பேசியும்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வரவு செலவு அறிக்கை வாசித்தாயிற்று. இனி கைப்பேசியைப் பற்றிச் சற்று நேரம் பேசுகிறோம். அது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பேச்சு அல்ல. அதை நீங்கள் வேண்டிய அளவு கேட்டுவிட்டீர்கள்.

நம் அப்பாமார்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று சபர் போன காலத்தில், ஊரில் இருந்த பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் குர்ஆன் ஓதியதால் அரபி எழுத்து தெரியும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் அந்த எழுத்தை வைத்தே தமிழை எழுதினார்கள். ப, ள, ழ போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்திலேயே புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களை இதில் எழுதினார். கல்லச்சு வந்தபின் இத்தகைய கிதாபுகள் வீடுகளுக்குள்ளும் வந்தன.

இதன் பயன் என்ன? சபுராளி எழுதிய கடிதத்தை அவர் மனைவி தானே படித்தார், தானே பதில் எழுதினார். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று யார் வாசலிலும் நிற்கவில்லை.

வளைகுடாப் பயணம் தொடங்கியபின் கேசட் வந்தது. வாப்பா பேசிப் பதிந்த கேசட்டை ஊர் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புவார். எங்கள் தெருவில் டேப்ரிக்கார்டர் இருந்ததோ இரண்டு வீட்டில். மாப்பிள்ளை தனக்கென்று சொன்னதைப் பத்துப் பேர் நடுவே கேட்க முடியாமல், பாதியில் எழுந்து வந்துவிட்ட ஒரு சாச்சியை நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறகு வந்த ஐ.எஸ்.டி. பூத்திலும் இதே கதைதான். கண்ணாடிக் கதவு, ஓடும் மீட்டர், வெளியே காத்திருக்கும் கூட்டம்.

இப்போது கைப்பேசி அவரவர் கையில். முகம் பார்த்துப் பேசலாம், அல்ஹம்துலில்லாஹ். 2016இல் யூ.பி.ஐ. வந்தபின் பணமும் அதிலேயே போகிறது, வருகிறது. ஆனால் நம் தாய்மார்களில் எத்தனை பேர் அதைத் தாமே படிக்கிறார்கள்? பின் நம்பர் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், உடையவருக்குத்தான் தெரியாது. கடிதத்தில் போன அந்தத் தம்பி, போனில் திரும்பி வந்துவிட்டார்!

சென்ற ஆண்டு, கல்வி உதவித்தொகை இனி வங்கிக் கணக்கில் மட்டுமே என்று நாம் அறிவித்தோம். கணக்கு சுத்தமாக இருக்கும் என்று எண்ணினோம். இரண்டு மாதம் கழித்து, கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு அழைப்பு வந்தது. "உதவித்தொகை வந்திருக்கிறது, பின் நம்பரைப் போட்டால் ஏறிவிடும்" என்றான் ஒருவன். போட்டார். 14,000 ரூபாய் போய்விட்டது. வெட்கப்பட்டு எட்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வழியிருந்திருக்கும். எட்டு நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர் மீது குற்றமில்லை. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இந்த ஒரு வரியை நாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நோட்டீஸ் அச்சடித்தோம், சொல்லிக்கொடுக்கவில்லை. அமானிதத்தை ஒப்படைக்கும் முறை அதுவல்ல.

ஆகவே நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. ரொக்கமாகக் கேட்பவருக்கு ரொக்கமே கொடுக்கப்படும். காரணம் கேட்க மாட்டோம். அடுத்து, சனிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் மதரஸா மாடியில் பெண்களுக்குக் கைப்பேசி வகுப்பு. கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் நால்வர் சொல்லித்தருகிறார்கள். மெசேஜ் படிப்பது, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, பின் நம்பரை மாற்றுவது, இவ்வளவுதான் முதல் மாதம். கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்கள், ரேகை வைத்த ஒவ்வொரு முறையும் ரசீது கேட்டு வாங்கவும் பழக வேண்டும். "சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் அங்கேயே நின்று கேளுங்கள்.

வீட்டில் மகனோ மகளோ இருந்தால் அவர்களே உம்மாவுக்குச் சொல்லித்தரலாம். பொறுமை இல்லையென்றால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள்.

வகுப்புக்கு வருகிற தாய்மார்கள் போனோடு மூக்குக்கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வரவும். சென்ற வாரம் மூன்று பேர் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார்கள்.

வஸ்ஸலாம்.