பேய்க்கதை எழுதும் பெண்கள்

(திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியில் செங்கம் சாலைத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேய்க்கதை எழுதும் பெண்கள் என்பதாகும். துண்டு விளம்பரத்தைப் பார்த்த சில தோழர்கள், "பேய் இல்லை என்று ஊர் ஊராய்ச் சொல்லுகிறவர்கள் பேய்க்கதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்களே, இதென்ன கூத்து?" என்று வழியிலேயே மடக்கிக் கேட்டார்கள். கேட்டது நியாயமே. பேய் இல்லை என்பதில் நமக்கு இன்றும் எள்ளளவு சந்தேகமும் கிடையாது. ஆனால் பேய்க்கதை இருக்கிறது. இல்லாத பேய்க்கு இவ்வளவு கதை எங்கிருந்து வந்தது, அதை யார் சொன்னார்கள், யாரைப் பேயாக்கிச் சொன்னார்கள் என்று விசாரிப்பது பகுத்தறிவுக்காரனுடைய வேலைதானே?

முதலில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். உங்கள் ஊர்ப் புளியமரத்திலும் பாழுங்கிணற்றிலும் இருப்பதாகச் சொல்லப்படும் பேய்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பெறும்போது செத்தவள், கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவள், மோகினி என்று பெண்களாகவே வந்து நிற்கும். ஆண்கள் சாவதில்லையா? சாகிறார்கள். கடன் கொடுத்துவிட்டு வசூலாகாமல் செத்த லேவாதேவிக்காரன் எவனாவது பேயாய் வந்து வட்டி கேட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஏன் பெண்ணே பேயாகிறாள் என்றால், எவளுக்கு நாம் அநியாயம் செய்தோமோ அவள் திரும்பி வந்து கேட்டுவிடுவாளோ என்கிற பயம் நம் நெஞ்சில் இருக்கிறது. அந்தப் பயத்திற்குச் சேலை கட்டிப் புளியமரத்தில் உட்காரவைத்திருக்கிறோம்.

பழையனூர் நீலி கதை உங்களுக்குத் தெரியும். புருஷன் பெண்சாதியைக் கொன்றான். அவள் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, எழுபது வேளாளர் முன்னிலையில் நியாயம் கேட்டுப் பழி தீர்த்தாள் என்பது கதை. கொலை செய்தவன் புருஷன். ஆனால் ஊர் எதை ஞாபகம் வைத்துக்கொண்டது? அவனுடைய கத்தியையல்ல, அவளுடைய கண்ணீரை! பொய் அழுகைக்கு "நீலிக் கண்ணீர்" என்று பெயர் வைத்து இன்றைக்கும் பெண்களைத் திட்டுகிறோம். கொல்லப்பட்டவளுடைய அழுகை பொய்யானால், தோழர்களே, உலகத்தில் எந்த அழுகைதான் மெய்?

இந்தக் கதைகளெல்லாம் பெண்ணைப் பற்றி மற்றவர்கள் சொன்னவை. பெண்ணே எழுதினால் எப்படியிருக்கும்? அதற்கும் தமிழில் பழைய ஆதாரம் இருக்கிறது. அந்தப் பழையனூரை அடுத்த திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், தம்மைத்தாமே "பேய்" என்று சொல்லிக்கொண்டவர். ஆறாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். தீபத் திருவிழாவின் ஆறாம் நாளில் இந்த ஊர் வீதிகளில் அறுபத்து மூவர் வருகிறார்களே, அவர்களில் பெண்கள் மூன்றே பேர்; அந்த மூவரில் பாட்டு எழுதியவர் இவர் ஒருவரே.

அற்புதங்களைப் புராணக்காரர்களுக்கே விட்டுவிட்டு மனித சங்கதியை மட்டும் பார்ப்போம். புனிதவதி என்னும் அந்தப் பெண் வியாபாரியின் பெண்சாதி. புருஷன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள். இன்னொரு பழம் அதிசயமாய் வந்தது என்றதும், அவளைத் தெய்வமென்று பயந்து புருஷன் கப்பலேறிவிட்டான். பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரையே வைத்தான். தேடி வந்தபோது குடும்பத்தோடு இவள் காலில் விழுந்தான். கும்பிட அவனுக்கு மனம் இருந்தது. கூட வாழத்தான் மனமில்லை. அதன் பிறகு அவள் தன் அழகையும் சதையையும் உதறிவிட்டுப் பேய் உருவம் வேண்டிப் பெற்றாள் என்று சேக்கிழார் எழுதுகிறார். ஆண் அடியார்கள் ஊர் ஊராய்ப் பாடிக்கொண்டு போக மீசையைக்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெண் தனியாய் வழி நடந்து பாட வேண்டுமானால் பெண்ணாயிருக்கக்கூடாது, பேயாகிவிட வேண்டும் என்றால், இது அவளுடைய பெருமையா, அவளை வைத்திருந்த சமூகத்தின் சிறுமையா?

அவர் பாடிய சுடுகாட்டைப் பாருங்கள். வற்றிய வயிறும் நீண்ட பல்லுமாகப் பேய்கள் வருகின்றன. அதற்கு நடுவில் ஒரு தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது, மேலிருந்த புழுதியைத் துடைக்கிறது, பால் கொடுக்கிறது, எங்கேயோ போய்விடுகிறது. தாயைக் காணாத குழந்தை அழுது அழுது தூங்கிவிடுகிறது. பயங்கரத்தின் நடுவிலும் பிள்ளையின் பசியைக் கவனித்த கண் அது. கடவுள் பக்தி நமக்கு உடன்பாடல்ல. ஆனால் அந்தக் கண்ணுக்கு நாம் மரியாதை செய்கிறோம்.

இனி மேல்நாட்டுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் என்ற அம்மையார் 1794இல் உடால்ஃபோ கோட்டையைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். தாயும் தகப்பனும் இல்லாத பெண் ஒருத்தி கோட்டையில் அடைபடுகிறாள். கறுப்புத் திரைக்குப் பின்னால் எதையோ பார்த்து மூர்ச்சையாகிறாள். கடைசியில் தெரிவதென்ன? திரைக்குப் பின்னால் இருந்தது மெழுகு பொம்மை! இந்த அம்மாள் கிளப்பிய பேய்க்கெல்லாம் முடிவில் இயற்கையான காரணம் சொல்லிவிடுகிறார். ஆனால் ஒன்று மட்டும் மெழுகல்ல. சொத்தை எழுதிக் கொடு என்று பெண்களை மிரட்டும் மாண்டோனி என்ற ஆசாமி நிஜம். கலியாணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் விரிவான சட்டம் வந்ததே 1882இல்தான் என்றால், அந்தக் கதையைப் படித்த பெண்கள் எதைக் கண்டு நடுங்கியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் மேரி ஷெல்லி. பெண்களின் உரிமைக்காக 1792இல் புத்தகம் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் மகள். தாய் இவரைப் பெற்ற சில நாட்களில் ஜன்னி கண்டு இறந்தார். இவருடைய முதல் குழந்தையும் 1815இல் இறந்தது. மறு வருஷம், பதினெட்டாம் வயதில், ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கியதுதான் "ஃபிராங்கன்ஸ்டைன்". அதில் பேயுமில்லை, மந்திரமுமில்லை. ஒரு விஞ்ஞானி உயிரை உண்டாக்குகிறான், அது அழகாயில்லை என்று கைவிட்டு ஓடுகிறான், கைவிடப்பட்டது கொடியதாகிறது. பெற்றுவிட்டு ஓடுகிறவன்தான் உண்மையான பூதம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? 1818இல் புத்தகம் வந்தபோது அதில் அவர் பெயரில்லை. புருஷன்தான் எழுதியிருப்பான் என்று பலர் நினைத்தார்கள்.

அமெரிக்காவில் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் ஒரு சிறுகதை வெளியிட்டார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனச்சோர்வு. புருஷன் டாக்டர். ஓய்வெடு, எழுதாதே என்று அறையில் வைக்கிறான். சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்துக்குள் ஒருத்தி அடைபட்டுத் தவழ்வதாக அவளுக்குத் தோன்றி, புத்தி பேதலிக்கிறது. கில்மனுக்கே அவருடைய டாக்டர் பேனாவைத் தொடாதே என்று உத்தரவிட்டிருந்தார். நாம் புரோகிதனை மட்டும் கேள்வி கேட்டால் போதாது; விஞ்ஞானத்தின் பெயரால் பெண்ணின் வாயை அடைப்பவனையும் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

ஷர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய கதையில் ஒரு கிராமத்தார் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி, சீட்டு விழுந்தவரைக் கல்லாலடித்துக் கொல்லுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம். சீட்டு ஒரு குடும்பத்துக்காரிக்கு விழுகிறது. பத்திரிகைக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. சிலரோ, அது எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்களாம்! வழக்கம் என்கிற பேயைப் பற்றி நாம் ஆயிரம் மேடையில் பேசியதை அந்த அம்மாள் சில பக்கங்களில் முடித்துவிட்டார்.

நம் நாட்டிலும் பெண்கள் எழுதாமலில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போகாமலே நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார். 1925 முதல் "ஜகன்மோகினி" பத்திரிகையை நடத்தினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் "தாசிகள் மோசவலை" எழுதினார். பேயில்லாத பயங்கரக் கதை என்றால் அதுதான்; பொட்டுக் கட்டும் கொடுமையைக் கண்டவர் எழுதியது.

இப்போது நம்முடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். இங்கிருந்து சில மைல் தூரத்துக் கிராமத்தில், கலியாணமாகி ஆறு மாதமான ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். மந்திரவாதி வந்து வேப்பிலையால் அடித்து, உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணியடித்தான். அப்போது பேய் பேசியதை ஊரே கேட்டது: "எனக்கு வயிறாரச் சோறு போடு, என்னை அடிக்காதே, அம்மா வீட்டுக்கு அனுப்பு." இது பேய் கேட்கிற கேள்வியா தோழர்களே? மருமகளாய்க் கேட்டால் அடி விழும் என்றுதான் பேயாய்க் கேட்டாள். நாம் போய்ப் பேசி, அவள் தாய்வீடு சேர்ந்தாள். சில மாதம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாள். கதை எழுதியிருந்தாள். புளியமரத்தில் ஆணியடித்து நிறுத்திய ஒரு பேய், இரவில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போய், தூங்காமல் விழித்திருக்கும் மருமகள்களோடு பேசுகிறது. எழுத்துப்பிழை நிறைய, ஆனால் படித்த அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நாம் என்ன செய்தோம்? "பேய் வருகிறதம்மா, நம் பத்திரிகைக்கு ஆகாது" என்று திருப்பி அனுப்பிவிட்டோம்! மறுபடி அவள் எழுதவில்லை. மந்திரவாதி அடித்த ஆணியைவிட நாம் அடித்த ஆணி ஆழமாய் இறங்கிவிட்டது.

அப்போது நமக்கு விளங்காதது இப்போது விளங்குகிறது. மந்திரவாதி "இது நிஜம்" என்று சொல்லிப் பயமுறுத்திப் பணம் வாங்குகிறான். கதை எழுதுகிறவள் "இது கதை" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுப் பயமுறுத்தி, நிஜத்தைக் காட்டுகிறாள். முன்னது மோசடி, பின்னது சாட்சியம். இரண்டையும் ஒன்றாய் எண்ணியது நமது அறிவீனம்.

இதே செங்கம் சாலையில் பௌர்ணமி இரவில் ஏராளமான பெண்கள் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஈசானிய லிங்கத்தருகே சுடுகாட்டைத் தாண்டியும் போகிறார்கள். எந்தப் பேயும் அவர்களைப் பிடிப்பதில்லை. அமாவாசை இரவில் அதே சாலையில் ஒருத்தி தனியாய் நடக்க முடியுமா? முடியாதென்றால், அவள் பயப்படுவது சுடுகாட்டைக் கண்டா, நம்மைக் கண்டா? இதற்குப் பதில் எழுத வேண்டியவள் அவள்தான்.

ஆகவே தோழர்களே, வீட்டுக்குப் போனதும் உங்கள் பெண்ணுக்கும் மருமகளுக்கும் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். தினம் ஒரு மணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எழுதியதில் பேய் வந்தால் பயந்து மூடிவிடாதீர்கள்; அந்தப் பேய்க்கு உங்கள் முகஜாடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற வேண்டியது கதையல்ல.

அந்த நோட்டுப் புத்தகத்துக்குரிய பெண் இக்கூட்டத்தில் இருந்தாலும், இதைப் பத்திரிகையில் படித்தாலும், அதை மறுபடியும் அனுப்பும்படி மன்னிப்போடு கேட்டுக்கொள்ளுகிறோம்.