ஊசி போட்ட ராத்திரி

ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் ஊசி போட்டு வந்த ராத்திரி, சில பிள்ளைகளுக்குத் தொடை லேசாக வீங்கும், தொட்டால் சுடும், உடம்பும் காயும். பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கிவிடும். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். வீக்கத்தைத் தேய்க்க வேண்டாம். காய்ச்சல் மருந்து, நர்ஸ் சொன்ன அளவு மட்டும்தான்.

பிறந்ததும் இடது கையின் மேற்பகுதியில் போடும் பி.சி.ஜி. கதை வேறு. சில வாரம் கழித்து அங்கே சின்னக் கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறித் தழும்பாகும். அம்மாக்களே, பாட்டிமாரே, அதன்மேல் மஞ்சளோ களிம்போ பூச வேண்டாம்.

ஆனால் வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, மூன்று மணி நேரம் கடந்தும் வீறிட்டு அழுதாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.