பெயர் இழந்த மரக்கலம்

'பெருங்குடி' என்பது வணிகரையும் குறிக்கும் சொல். ஆதலின், இவ்வூர் அவையில் ஒரு வணிகக் கலத்தை நினைத்தல் தகும்.

ஈழத்து வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் சுந்தர மேஸ்திரியார் கட்டியது 'அன்னபூரணி'. ஏறத்தாழ 89 அடி நீளமுள்ள பாய்க்கப்பல். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளுடன் செங்கடலும் மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் கடந்து, 1938 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அஃது அடைந்தது. ஆயின், கரை சேர்ந்த கலத்தின் பெயர் 'புளோரன்ஸ் சி. இராபின்சன்'.

கட்டிய கை தமிழ்க்கை. செலுத்தியதிலும் தமிழ்க்கை உண்டு. பெயர் மட்டும் பிறருடையது. புயலில் மூழ்காமலே அன்னபூரணி மறைந்தாள். மரம் உளுத்துப்போகும். பெயரைக் காத்தல் பாவலர் கடன்.