குடந்தையில் ஓர் ஏட்டுச் சொத்து



1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள். குடந்தை முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என நீண்ட பட்டியல் முதலியாரை அசைக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். பின்னர்த் தம்மிடமிருந்த பிரதியையும் அளித்தார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு அந்நூல் திறவுகோல் தொலைந்த பெட்டி. கடவுள் வாழ்த்தில் போற்றப்படுபவர் யார் என்பதே விளங்கவில்லை. நச்சினார்க்கினியரோ நூற்பெயர் சுட்டாமல் மேற்கோள்களை அடுக்கிச் செல்கிறார்.

திறவுகோல் அதே ஊரில் இருந்தது. குடந்தைச் சமணர் இல்லங்களில் சிந்தாமணி பாராயண நூலாகவே வாழ்ந்தது. படித்து முடித்தால் விழா எடுப்பார்கள். சைவச் சூழலில் வளர்ந்தவர் அவர்களிடம் மாணவராய் அமர்ந்து ஐயம் கேட்டார். தமிழுலகம் மறந்ததாகச் சொல்லப்படும் நூலை அண்டை வீட்டார் மறக்கவேயில்லை! 'கண்டெடுத்தல்' என்னும் சொல்லை நாம் சற்று எண்ணியே ஆளவேண்டும். சைவர் சமண நூலைத் தொடலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு; அது நிற்க.

போட்டி வேறு திசையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை வழக்கறிஞராகக் குடந்தைக்கு வந்தார். ஐயரினும் 22 வயது மூத்தவர். வீரசோழியத்தை 1881-இல் பதிப்பித்த அனுபவசாலி. சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, ஐயரிடமிருந்த பிரதியைக் கேட்டார். பெரியவருக்கு மறுப்புரைப்பது எப்படி? உழைத்துத் திருத்திய ஏட்டைக் கைவிடுவது எப்படி? 'என் சரித்திரம்' இந்தத் தவிப்பை மறைக்காமல் பேசுகிறது. பிள்ளையவர்களின் ஆசையையும் பேராசை என்று தள்ளிவிட இயலாது. செல்லரிக்கும் ஏட்டுக்கு எவர் முந்தினாலும் ஆயுள் கூடும் அல்லவா?

ஐயர் விட்டுக்கொடுக்கவில்லை. 1887-இல் சிந்தாமணி அவர் பதிப்பாகவே வெளிவந்தது. அதே ஆண்டில் கலித்தொகையைப் பிள்ளை வெளியிட்டார். 1889-இல் ஐயர் பத்துப்பாட்டையும், பிள்ளை சூளாமணியையும் அச்சேற்றினர். சமண நூலொன்றைப் பதிப்பிக்கும் ஆசை பிள்ளைக்கு அவ்வாறு நிறைவேறிற்று. நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாது விட்ட மேற்கோள்களுக்குப் பத்துப்பாட்டிலும் தொகைநூல்களிலும் இருப்பிடம் தெரியவந்தது.

1901-இல் பிள்ளை மறைந்தபோது இரங்கற்பா எழுதியவர்களுள் சாமிநாதையரும் ஒருவர்.