கோலும் கண்ணும்



சென்ற ஆண்டு இத்திருவிழாவின் ஐந்தாம் நாளில், கொடிமரத்துக்கு அப்பால் வாராமலே நின்ற முதியவர் ஒருவரைக் கண்டேன். காரணம் வினவினேன். உடன்பிறந்த தம்பியின் நிலத்தைப் பொய்ச்சாட்சி கூறித் தமதாக்கிக் கொண்டாராம். எந்த முகத்தோடு சந்நிதிக்குள் நுழைவது என்று அஞ்சிப் பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்விடத்திலேயே நின்று கும்பிட்டுத் திரும்புகின்றாராம். அவருக்கு யான் சொன்னது நம்பியாரூரர் வரலாறு.

திருவொற்றியூரிலே, சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சபதம் செய்ய வேண்டியிருந்தது. ஆரூரைப் பிரிந்திருக்கவோ அவரால் இயலாது. ஆகவே, சந்நிதியில் யான் சூளுறும் வேளையில் தேவரீர் மகிழமரத்தடியில் எழுந்தருள வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பித்துக் கொண்டார். பெருமான் இசைந்தார். இசைந்தவரே சங்கிலியார் கனவிலும் தோன்றி, அச்சபதத்தை மகிழின்கீழ்ச் செய்யச் சொல் என்று அறிவித்துவிட்டார்! தோழரிடத்தே காட்டிய சாமர்த்தியம் எங்ஙனம் பலிக்கும்?

வசந்தம் வந்தது. ஆரூர் விழாவின் நினைவு ஈர்த்தது. ஒற்றியூர் எல்லையைக் கடந்தார்; இரு கண்களும் மறைந்தன.

இங்கே ஒன்று நோக்குங்கள். கண்ணிழந்தவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வழியிலுள்ள தலங்கள்தோறும் சென்றார். தம் பிழையை மறையாது சொல்லிப் பாடினார். திருவெண்பாக்கத்தில், கோயிலினுள் உள்ளீரோ என்று உரிமையோடு கேட்டார். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல்தான் கிடைத்தது. (பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் எழுந்தபோது அப்பழந்தலம் நீருள் மறைந்தது, ஊன்றீசர் இப்போது பூண்டியிலே புதிய கோயிலில் எழுந்தருளியுள்ளார்.) காஞ்சியிலே ஏகம்பர் இடக்கண்ணை அருளினார். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிற்று. வலக்கண் கிடைத்ததோ திருவாரூரில்.

ஒரு சொல்லில் இரு கண்ணையும் தர இறைவனால் ஆகாதா? ஆகும். ஆயினும் கோலூன்றி நடந்த அவ்வழி நெடுகப் பிறந்த பதிகங்கள் நமக்குக் கிடைத்திரா. வணங்கிக் கேட்டதோடு நில்லாமல் ஆரூரிலே சினந்தும் கேட்டாரே, அந்த உரிமையும் வெளிப்பட்டிராது.

இத்துடன் கதையை முடிப்போர் பலர். எனக்கு அது உடன்பாடன்று. கண் பெற்றவர் பரவையார் மாளிகைக்கு ஆளனுப்பினார், கதவு திறக்கவில்லை! ஒற்றியூர்ச் செய்தி அம்மையார் செவிக்கு முன்னமே எட்டியிருந்தது. ஆண்டவன் பொறுத்தருளியது வேறு, அம்மையாரின் மனப்புண் ஆறுவது வேறு. அந்நள்ளிரவில் பெருமானே ஆரூர் வீதியில் தூது நடந்தார். அருச்சகர் வடிவில் சென்ற முதல் தூது பலிக்கவில்லை. மறுமுறை தம் திருவுருவோடு சென்றார், பரவையார் இசைந்தார்.

இவற்றைக் கேட்டிருந்த முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சாமி, என் தம்பி வீட்டுக்குத் தூது போக யார் இருக்கிறார்கள்?" என்றார்.

அவன் ஊர் எது என்று கேட்டேன். அடுத்த ஊர்தான் என்றார். மறுநாட்காலை இருவருமாகப் புறப்பட்டோம். நிலப்பத்திரத்தை அவர் மேல்துண்டில் முடிந்து வைத்திருந்தார்.